வலது பக்கத்துச் சட்டைப் பை

என் சட்டைக்கெல்லாம் பை வலது பக்கம்தான் இருக்கும், மேடம். நீங்க உள்ள வந்ததும் அதைத்தான் பாத்தீங்க, நானும் கவனிச்சேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பின்னால எனக்குத் தைக்கிற டெய்லர் ஒவ்வொரு தடவையும் சிரிப்பாரு. "இன்னா சார், ஊருக்கெல்லாம் இடது பக்கம் வைக்கிறேன், உங்களுக்கு மட்டும் மாத்தி வைக்கச் சொல்றீங்க, பீச்சாங்கைப் பழக்கமா?"ன்னு கேப்பாரு. ஆமான்னு சொல்லிடுவேன். செல்போனை அந்தப் பக்கம் வெச்சிக்கினா எனக்கு நிம்மதி. அதைப் பத்தி அப்பால சொல்றேன்.

டீ நல்லா இருந்துச்சுங்க. சக்கரை கம்மியா கேட்டேன், அப்படியே குடுத்தாங்க. ஸ்டேஷன் மாடிப்படி ஏறத்தான் ரவ நேரம் ஆயிடுச்சு, நின்னு நின்னு வந்தேன், அதுக்கும் உங்க ஆளுங்க ஒன்னும் சொல்லல. என்னை யாரும் மிரட்டல, கை வைக்கல. நானாத்தான் சொல்றேன், எழுதிக்கங்க.

பேரு அறிவுச்செல்வன். சொந்த ஊரு கச்சிராயபாளையத்துக்கு அந்தாண்ட, கல்வராயன் மலையடிவாரம். கரும்பும் மரவள்ளியும் போடற குடும்பம். நான் மட்டும் வெள்ளாமைய வுட்டுட்டு டவுனுக்கு வந்து ஹெல்த் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆனேன். படிப்பு ஜாஸ்தி, அதனால வந்துட்டான்னு ஊர்ல நெனைச்சிக்கினு இருக்காங்க. அதெல்லாம் இல்லீங்க. எனக்குக் கரும்புத் தோட்டம்னா பயம்.

எங்க அப்பா நாராயணசாமி கரும்பு வெட்டு நடந்தப்ப ஒரு கட்டைத் தூக்கி வண்டியில போட்டாரு. போட்டுட்டு அப்படியே வரப்புல குந்துனாரு. குந்துனவரு எழுந்திரிக்கல. நான் அப்ப சின்னப் பையன், தண்ணிக் குடத்தோட பக்கத்துல நின்னேன். தண்ணி கேப்பாரு கேப்பாருன்னு நின்னுக்கினே இருந்தேன். ஊர்ல முனி அடிச்சிடுச்சுன்னாங்க. அன்னிலேர்ந்து கரும்புத் தோகை காத்துல சரசரன்னு சத்தம் போட்டா வந்த வழியே திரும்பிடுவேன். என் நாடிய நானே புடிச்சுப் பாத்துக்கிற பழக்கமும் அப்பலேர்ந்துதான். யார் கூடப் பேசிக்கினு இருந்தாலும் ரெண்டு வெரலு மணிக்கட்டு மேல இருக்கும். இப்பவும் உங்க மேஜைக்கு அடியில அங்கதான் இருக்கு.

பயந்தவனுக்குத்தான் பயத்தை விக்கத் தெரியும். அதனால எனக்குத் தொழிலு நல்லாவே ஓடுச்சுங்க.

எனக்கு ஒரு அக்கா, தங்கமணி. ஒரு தம்பி, இளமாறன். தம்பி கல்யாணம் பண்ணிக்காம ஊர் சுத்திக்கினு இருந்தவன். ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டாளிங்களோட மலைக்குப் போனான், மேகம் அருவியில குளிக்க. குளிச்சிட்டு மேட்டுல ஏறி வர்றப்ப சிரிச்சிக்கினே விழுந்தான்னு சொன்னாங்க. வெளையாடறான்னு நெனைச்சி ரெண்டு பேரு செல்போன்ல படம் புடிச்சிருக்காங்க. பிரேதப் பரிசோதனை பண்ண டாக்டர் என்னைத் தனியா கூப்புட்டாரு. இதயத்துத் தசை தடிச்சிருக்கு, இது ரத்த வழியா வர்றது, உங்க அப்பாவுக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும், கூடப் பொறந்தவங்களும் அவங்க புள்ளைங்களும் ஜீன் டெஸ்ட் எடுத்துப் பாத்துடுங்கன்னாரு. முன்னாடியே தெரிஞ்சிக்கினா மாத்திரை இருக்கு, கருவி இருக்கு, பயப்பட வேணாம்னும் சொன்னாரு. நல்ல மனுஷன்.

மிச்சம் இருந்தது நாங்க மூணு பேருதான். நானு, அக்கா, அக்கா பொண்ணு சுபஸ்ரீ. அக்கா வூட்டுக்காரரு ரொம்ப முன்னாடியே லாரியில அடிபட்டுப் போயிட்டாரு. எனக்கும் என் சம்சாரம் செவ்வந்திக்கும் புள்ளை இல்ல. அதனால சுபஸ்ரீ எங்க பொண்ணு மாதிரின்னு சொல்லக் கூடாது, எங்க பொண்ணேதான். காது குத்துனப்ப என் மடியிலதான் குந்தியிருந்தா. ஆசாரி ஊசிய எடுத்ததும் அவ அழுவல, நான்தான் கண்ணை மூடிக்கினேன். "காது பாப்பாவுக்கா, மாமனுக்கா?"ன்னு அந்த ஆசாரி கேட்டதை இன்னிக்கும் ஊர்ல சொல்லிச் சிரிப்பாங்க.

இதை ஏன் சொல்றேன்னா, எங்க பக்கம் தாய்மாமன் சொல்லுன்னா அதுக்கு மேல பேச்சு கெடையாது. படிப்பு, கல்யாணம், ஆஸ்பத்திரி எதுவா இருந்தாலும் மாமன் வாயிலேர்ந்துதான் வரணும். அக்கா என்னைவிட மூத்தது, ஆனா பொண்ணு விஷயத்துல "தம்பி இன்னா சொல்லுதோ அதான்"னு நின்னுடும். மூணு பேரும் வெளியூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில டெஸ்டுக்கு ரத்தம் குடுத்தோம். ரிசல்ட் வந்ததும் அங்க இருந்த டாக்டரம்மா போன் பண்ணி மூணு பேரும் வாங்கன்னாங்க. நான் மட்டும் போனேன். "நான் தாய்மாமன், எங்கிட்ட சொன்னாப் போதும்"னேன். அவங்களும் இந்தப் பக்கத்துப் பொண்ணுதான் போல, ரவ யோசிச்சிட்டு சரின்னாங்க. பாவம், அவங்களைக் கொறை சொல்ல முடியாது.

சுபஸ்ரீக்கு இருக்குன்னு சொன்னாங்க. நெஞ்சை ஸ்கேன் எடுக்கணும், உடனே கூட்டிக்கினு வாங்கன்னாங்க. நான் எழுந்து வாசப்படி வரைக்கும் வந்துட்டேன், திரும்பவும் கூப்புட்டாங்க. "அதுவரைக்கும் பாப்பாவை ஓட விடாதீங்க"ன்னாங்க.

திரும்பி வர்றப்ப பஸ்ஸை உளுந்தூர்பேட்டையில நிறுத்துனாங்க. எல்லாரும் எறங்கிச் சாப்புடப் போனாங்க. நான் ரோட்டோரம் நின்னு லாரிங்க போறதைப் பாத்துக்கினு இருந்தேன். ஒரு டீ குடிச்சேன். பஸ்ஸு ஹாரன் அடிக்கறதுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். வூட்டுக்குப் போயி, "யாருக்கும் ஒன்னும் இல்ல, எல்லாம் சுத்தமா இருக்கு"ன்னேன். அக்கா தரையில விழுந்து கும்புட்டுச்சு. அந்த வாரமே திருநாவலூர் கோயிலுக்குப் போயி அர்ச்சனை பண்ணிட்டு வந்துச்சு, என் பேருக்கும் சேத்து.

ஏன் மறைச்சேன்னு கேக்கறீங்க. ஞாயமான கேள்விதாங்க.

எத்தனையோ வருஷமா நான் இந்தத் தொழில்ல இருக்கேன். பாலிசி போடறப்ப கேள்வி கேப்பாங்க, உங்க குடும்பத்துல யாருக்காவது இப்படி நோய் இருக்கா, டெஸ்ட் எடுத்தீங்களான்னு. உண்மையச் சொல்றவன் வாசல்ல நிப்பான், பொய் சொல்றவன் உள்ள போயிடுவான். இதை நான் கண்ணால பாத்திருக்கேன். சின்னப் பொண்ணு, வாழ வேண்டிய வயசு. இந்த வயசுல ரத்தத்துல நோய் இருக்குன்னு பதிவாயிட்டா காலம் பூரா அவளுக்கு இன்சூரன்ஸ் கெடைக்காது. கல்யாணத்துக்கும் எவனும் வர மாட்டான். அவ பேருல நான் போட்ட பாலிசி கொஞ்ச வருஷம் ஓடட்டும், பழசாயிட்டா யாரும் தோண்ட மாட்டாங்க, அப்பால மெதுவா டாக்டர்கிட்ட காட்டிக்கலாம்னு நெனைச்சேன். வெள்ளம் வர்றதுக்கு முன்னாடி அணை போடறதுன்னு சொல்லுவாங்க இல்லீங்களா, அந்த மாதிரி. அவ நல்லதுக்குத்தான் செஞ்சேன்.

அந்தப் பொண்ணுக்கு உங்களை மாதிரி காக்கி போடணும்னு ஆசை. காலேஜ் முடிச்சதும் போலீஸ் தேர்வுக்குப் படிச்சா, எழுத்துல பாஸும் பண்ணிட்டா. அப்பால ஓட்டத்துக்குப் பழகணும். கோமுகி அணைக்கரையில காலையில ஓட ஆரம்பிச்சா. நான்தான் வண்டியில கூட்டிக்கினு போவேன். ஷூ வாங்கிக் குடுத்ததும் நான்தான்.

வேணாம்னு நான் சொல்லிப் பாத்தேங்க, அதையும் எழுதிக்கங்க. "டீச்சர் வேலைக்குப் போயேம்மா, எதுக்கு இந்த ஓட்டமும் தாண்டலும்"னேன்.

"மாமா, நீங்க கரப்பான் பூச்சியப் பாத்தாலே கட்டில் மேல ஏறுற ஆளு. உங்க பயத்தையெல்லாம் என் தலையில கட்டாதீங்க"ன்னு சிரிச்சா. அப்பால என் மூஞ்சியப் பாத்துட்டு, "சரி, ஒரு காரணம் சொல்லுங்க. நல்ல காரணமா இருந்தா இன்னிக்கே வுட்டுடறேன்"னா.

காரணம் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. எச்சிலோட முழுங்கிட்டேன். "சும்மாதான் சொன்னேன், ஓடும்மா"ன்னேன்.

அணைக்கரை உங்களுக்குத் தெரியும், நீளமா இருக்கும். அவ அந்தக் கோடிக்குப் போற வரைக்கும் நான் மூச்சு வுட மாட்டேன். பின்னால மலை கருப்பா நிக்கும், அவ சின்னப் புள்ளி மாதிரி போவா. இப்ப விழுவா, இப்ப விழுவான்னு இருக்கும். திரும்பி வந்து சிரிச்சதும்தான் எனக்கு உசுரு வரும். தினம் இதுதான். இவ்வளவு பயத்தை வெச்சிக்கினு ஏன் கூடப் போனேன்னு கேப்பீங்க. நான் போகலைன்னா அக்கா போயிருக்கும். ஒரு நாள் பொண்ணு மயக்கம்னு குந்துனா அக்கா நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடும். அங்க குடும்பத்துல யாருக்கு இன்னான்னு கேப்பாங்க.

அப்படி ஒரு நாள் வரவும் வந்துச்சு. பாதி கரையில முட்டியப் புடிச்சிக்கினு குந்திட்டா. நான் போயி பக்கத்துல நின்னேன்.

"மாமா, நெஞ்சு படபடன்னுது. கண்ணு இருட்டிக்கினு வந்துச்சு."

"ரத்தம் கம்மிம்மா. நீ எங்க ஒழுங்கா சாப்புடற?"

"கழுத்து வரைக்கும் அடிக்குது மாமா. கை வெச்சுப் பாருங்க."

நான் அவ மணிக்கட்டைப் புடிச்சுப் பாத்தேன். எனக்கு நாடி பாக்கறது பழக்கம்தானே. துள்ளித் துள்ளி விட்டு விட்டு அடிச்சுது. "ஒன்னும் இல்ல, நல்லாத்தான் இருக்கு"ன்னேன். வர்ற வழியில பேரீச்சம்பழம் வாங்கிக் குடுத்தேன்.

எப்படியோ அக்காவுக்குத் தெரிஞ்சு போச்சு. "தம்பி, கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிக்கினு போயி ஒரு ஈசிஜி எடுத்துடலாமா? இளமாறன் நெனைப்பாவே இருக்குடா, எனக்கு அடிவயிறு எரியுது"ன்னுச்சு.

"அக்கா, அதான் டெஸ்ட் எடுத்து இல்லைன்னு ஆயிடுச்சே. இப்பப் போயி நெஞ்சுன்னு ஒரு சீட்டுல எழுதிட்டாங்கன்னா போலீஸ் வேலையும் போச்சு, பாலிசியும் போச்சு. பொண்ணு வாழ்க்கையில நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கறியா?"ன்னேன். குரலு கூட ஒசத்தல.

அக்கா முந்தானையில மூஞ்சியத் தொடைச்சிக்கினு, "நீ சொன்னா சரிதான்"னு எழுந்து போயிடுச்சு. போயி முருங்கைக்கீரை பறிச்சிக்கினு வந்துச்சு.

அந்த நாள் காலையில மூணு பேரும் தேர்வு மைதானத்துக்குக் கெளம்புனோம். வாசல்ல அக்கா தட்டுல விபூதியோட நின்னுச்சு. எங்க வழக்கம், நல்ல காரியத்துக்குப் போற புள்ளைக்குத் தாய்மாமன் கையால பூசணும். என் வெரலு நடுங்கி விபூதி அவ மூக்கு மேல கொட்டிடுச்சு. "ஓடப்போறது நானா, நீங்களா மாமா?"ன்னு சிரிச்சா. நெத்தியில பூசிவுட்டேன். நல்லபடியா வாம்மான்னும் சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன், மேடம், அதுல பொய் இல்ல.

கூட வந்தவங்களை உள்ள வுடல. கேட்டுக்கு வெளிய புங்க மரத்தடியில பெத்தவங்க எல்லாம் குந்தியிருந்தாங்க. விசில் சத்தம் கேக்கும், கைதட்டற சத்தம் கேக்கும், மறுபடியும் விசில். ஒவ்வொரு விசிலுக்கும் நான் என் நாடியப் புடிச்சேன். ஒரு விசிலுக்கு அப்பால கைதட்டல் வரல. அப்பால ஒரு லேடி போலீஸ் கேட்டைத் தொறந்துக்கினு ஓடி வந்து, "சுபஸ்ரீ கூட வந்தவங்க யாரு?"ன்னாங்க.

அக்கா ஓடுச்சு. நானும் ஓடுனேன். எத்தனையோ வருஷம் கழிச்சு அன்னிக்குத்தான் ஓடுனேன். பாதி மைதானத்துல எனக்குக் கரும்புத் தோகை சத்தம் கேட்டுச்சு. அங்க ஏது கரும்பு. கண்ணு இருட்டுச்சு, விழுந்துட்டேன். விழுந்ததும் நெஞ்சுக்குள்ள மாடு ஒதைச்ச மாதிரி ஒரு ஒதை. அவ்வளவுதான், கண்ணு தெளிஞ்சிடுச்சு. அந்தப் பக்கம் அவ நெஞ்சை ரெண்டு பேரு மாத்தி மாத்தி அமுக்கிக்கினு இருந்தாங்க. அவ எழுந்திரிக்கல. நான் எழுந்து குந்திட்டேன்.

ஆம்புலன்ஸ்ல வந்த டாக்டர் என்கிட்ட வந்து சட்டைப் பட்டனைக் கழட்டுனாரு. இடது பக்கம் தோளுக்குக் கீழ தழும்பைப் பாத்தாரு. அதுக்கு அடியில மேடா இருக்கறதைத் தொட்டுப் பாத்தாரு.

"உங்களுக்கு இந்தக் கருவி வெச்சிருக்கா? இதய நோயா?"

நான் சட்டைய இழுத்து மூடப் பாத்தேன்.

"அந்தப் பொண்ணு உங்களுக்கு இன்னா ஒறவு?"

அக்காதான் பதில் சொல்லுச்சு. "என் பொண்ணு சார். இவன் என் கூடப் பொறந்தவன்."

டாக்டர் என்னைப் பாத்தாரு, அக்காவப் பாத்தாரு, அங்க போத்தி வெச்சிருந்ததைப் பாத்தாரு. "அப்ப அந்தப் பொண்ணுக்கு ஏன் பாக்கல?"ன்னாரு.

அக்கா குனிஞ்சு என் சட்டைய இன்னும் ரவ வெலக்குச்சு. "தம்பி, இன்னாடா அது நெஞ்சுல? கொழுப்புக் கட்டி எடுத்தேன்னு சொன்னியேடா." அதுதாங்க அக்கா என்கிட்ட கடைசியா பேசுனது.

இப்பப் புரியும், பை ஏன் வலது பக்கம்னு. செல்போனு கருவிக்குக் கிட்ட இருக்கக் கூடாது. மைதானத்துல என்னை ஒதைச்சு எழுப்புனதும் அந்தக் கருவிதான்.

ஆமாங்க, எனக்கும் இருந்துச்சு. அதே நாள்ல அந்த டாக்டரம்மா சொன்னதுதான். எனக்குச் சாவுன்னா பயம், நான்தான் மொதல்லியே சொன்னேனே. உளுந்தூர்பேட்டையிலேர்ந்து வந்த மறுநாளே என் பேருக்குப் பாலிசி போட்டேன், குடும்பத்துல யாருக்கும் நோயே இல்லைன்னு சொன்னேன். கொஞ்ச மாசம் பொறுத்து மயக்கம் போட்ட மாதிரி விழுந்து, கம்பெனி மீட்டிங்னு சொல்லிட்டு வெளியூர் ஆஸ்பத்திரியில சேந்து இதை வெச்சிக்கினேன். இன்சூரன்ஸ்ல பாஸ் ஆயிடுச்சு. சுபஸ்ரீயும் டாக்டர்கிட்ட போனா, மாமனுக்கும் இருக்கான்னு கேப்பாங்க, நூலைப் புடிச்சிக்கினு என் கதைக்கு வந்துடுவாங்க. என் பாலிசி ரத்தாகும், நாளைக்குக் கருவிக்கு பேட்டரி மாத்தணும்னா எவன் குடுப்பான்? தனக்கு மிஞ்சித்தான் தான தர்மம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க.

இன்சூரன்ஸ் விதி தெரியுமான்னு கேக்கறீங்க. தெரியுங்க. பரம்பரை நோய்ங்கிற ஒரே காரணத்துக்காக க்ளைமைத் தள்ளக் கூடாதுன்னு எங்களுக்கு வகுப்பு எடுத்தாங்க. நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேன், பயப்படாதீங்க, மறைக்காம சொல்லுங்க, சட்டம் உங்க பக்கம் இருக்குன்னு. அந்த விதி அவளைக் காப்பாத்தியிருக்கும். ஆனா மறைச்சவனைக் காப்பாத்தறதுக்கு விதி எதுவும் இல்லீங்களே, நான் இன்னா பண்றது.

நான் அவளைக் கொல்லல. விபூதி பூசி அனுப்புனேன், அவ்வளவுதான். நீங்க கொலைன்னு எழுதறதா இருந்தா எழுதிக்கங்க, கையெழுத்து போடறேன்.

ஒன்னே ஒன்னு. அக்கா கீழ வந்து குந்தியிருக்குன்னு உங்க ஆளு சொன்னாரு. மேல கூப்புடறதா இருந்தா படியில மெதுவா ஏறி வரச் சொல்லுங்க. நடுவுல ஒரு தடவை ஒக்காரச் சொல்லுங்க. அது இன்னும் கரும்பு வெட்டுக்குப் போயிக்கினு இருக்கு, கட்டு தூக்குது. டாக்டரம்மா அன்னிக்கு இருக்குன்னு சொன்னது மூணு பேருக்குமேதாங்க.

அதை மட்டும் எழுதிக்காதீங்க, மேடம். ரெக்கார்டுல ஏறிட்டா அக்காவுக்கு அப்பால இன்சூரன்ஸ் கெடைக்காது. அது நல்லதுக்குத்தான் சொல்றேன்.